புளி கரைக்கும் இடம்

புது வீட்டின் அடுக்களைத் தரைக்கு என்ன கல் என்று கொத்தனார் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். காரைக்குடியில் இறங்கி ஆத்தங்குடி பஸ்ஸில் ஏறியபோது, அறையின் அளவு வரைந்த ஒரு தாள் கைப்பையில் இருந்தது. மேடை போக, நடக்கிற தரை பத்தடிக்குப் பத்தடி.

இதில் அவசரப்பட எனக்கு மனமில்லை. முன்பு குடியிருந்த வாடகை வீட்டு அடுக்களையில் பளபளக்கும் டைல்ஸ். சிந்திய ரசத்தில் கால் வைத்து அம்மா வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. அன்றிலிருந்து எந்த வீட்டு அடுக்களைக்குள் போனாலும் என் கண் முதலில் தரைக்குத்தான் போகிறது.

ஆத்தங்குடிக் கல்லை மாளிகைகளின் வளவில் பார்த்திருக்கிறேன். அது உருவாவதைப் பார்ப்பது இதுவே முதல்முறை. தகரக் கூரை போட்ட கொட்டகை. சூளை இல்லை, புகை இல்லை. இந்தக் கல்லுக்கு நெருப்பே கிடையாது; சிமென்ட்டும் மணலும் தண்ணீரும் வெயிலும்தான். உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் சம்மணமிட்டு அமர்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்.

"உக்காருங்க தங்கச்சி. இந்தக் கல்ல முடிச்சுட்டுப் பேசுறேன். கலர் இறுகிடும்."

ஒரு கண்ணாடிப் பலகையைத் துணியால் துடைத்து வைத்தார். அதன்மேல் பத்து அங்குலச் சதுர இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் தகட்டை வளைத்துப் பற்றவைத்த பூ அச்சு. சிமென்ட்டோடு ஆக்சைடு கலந்து தோசைமாவுப் பதத்தில் கரைத்த கலர்கள் வரிசையாக டப்பாக்களில் இருந்தன. சின்னக் கரண்டியால் மொண்டு, இதழுக்குச் சிவப்பு, நடுவில் மஞ்சள், மூலைக்குப் பச்சை என்று அறை அறையாக ஊற்றினார். ஒரு சொட்டுகூடப் பக்கத்து அறைக்குத் தாவவில்லை. பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு அச்சை நேர்மேலாகத் தூக்கினார். கலர்கள் ஒன்றையொன்று தொட்டு நின்றன, கலக்கவில்லை.

அதன்மேல் மணலும் சிமென்ட்டும் கலந்த உலர்ந்த தூளைத் தூவினார். கலரில் இருக்கும் மிகுதித் தண்ணீரை அது உறிஞ்சிக்கொள்ளும். அடுத்து ஈரக் கலவையை அள்ளிப் போட்டு, கரணையால் அழுத்தி மட்டம் பார்த்துச் சட்டத்தை உருவினார். முக்கால் அங்குலக் கனத்தில் ஒரு கல். முகம் கீழே கண்ணாடியில் பதிந்திருக்கிறது. ஒரு நாள் இறுகியபின் தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊற வேண்டும். பிறகு காய்ந்ததும் கண்ணாடி தானாக விட்டுக்கொடுக்கும். கண்ணாடியின் வழவழப்புதான் கல்லுக்கு மினுமினுப்பாக வருகிறது. மேலே எந்தப் பூச்சும் இல்லை.

கையைத் துடைத்துக்கொண்டு என் தாளை வாங்கினார். "ஒரு பக்கத்துக்குப் பன்னெண்டு, மொத்தம் 144 கல்லு" என்றார். பிறகு, நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்:

"உங்க வீட்டுல புளி எங்க வச்சுக் கரைப்பாங்க?"

விற்க உட்கார்ந்தவர் தன் கல்லின் பலவீனத்தைத் தானாகவே சொன்னார். புளி, எலுமிச்சை, வினிகர் எதுவாக இருந்தாலும் சிந்தி நின்றால் சிமென்ட்டின் மேல்தோலை அரித்துவிடும். மினுமினுப்பு போய் அந்த இடம் மங்கிவிடும். பளிங்குக்கும் இதே கதிதான். மஞ்சள்தூள் கறையும் ஏறும். பாத்ரூமுக்கு ஊற்றும் ஆசிட்டைப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது. தண்ணீரில் சில சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தால் போதும். நடக்க நடக்க மெருகு கூடும். மற்ற தரைகளைப் பற்றியும் சொன்னார். விட்ரிஃபைடு டைல்ஸ் 1,200 டிகிரிக்கு மேல் வெந்து வருவதால் அதில் புளி எதுவும் செய்யாது. ஆனால் மெருகு ஏற்றிய ரகத்தில் தண்ணீர் பட்டால் வழுக்கும். வாங்கினால் சொரசொரப்பான மேட் ரகத்தைத்தான் வாங்க வேண்டும். சிவப்பு ஆக்சைடு தரை காலுக்கு இதமானது. ஆனால் கீழே மண் சற்று இறங்கினாலும் கீறல் விடும், தேய்த்து எடுக்கத் தெரிந்த கையும் வேண்டும்.

"அடுப்புக்கும் சிங்க்குக்கும் முன்னால ரெண்டு வரிசை கிரானைட் போட்டுருங்க. பாலீஷ் இல்லாத லெதர் ஃபினிஷ். அதுவும் முக்கால் இஞ்சுதான், மட்டம் ஒத்துப்போகும். 24 கல்லு குறையும்."

தன் விற்பனையைத் தானே குறைத்துச் சொன்ன அந்த மனிதர்மேல் எனக்குப் பெரும் மதிப்பு வந்தது. ஆனாலும் அவர் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் அம்மாவின் குழம்பைச் சாப்பிட்டவளுக்கு, அவள் புளி கரைக்கும் இடம் தெரியவில்லை. போன் போட்டேன்.

"மேடையில நின்னு எனக்கு முடியாதுடி. கொல்லை வாசல் ஓரமா, காத்து வர்ற எடத்துல கீழ உக்காந்துதான் எல்லாம். அரிவாள்மனையும் அங்கதான்."

அவரிடம் சொன்னதும் பென்சிலை எடுத்தார். கொல்லை வாசல் ஓரம் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டம் போட்டார். அங்கேயும் கிரானைட்.

அவர் விரல்களை அப்போதுதான் கவனித்தேன். நுனிகள் வெடித்து, ரேகை தேய்ந்து, நகக்கண்ணில் பச்சை ஒட்டியிருந்தது. சிமென்ட்டின் காரம் தோலைத் தின்றுவிடும். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வாராம். தரைக்கும் அதுதான், அவர் கைக்கும் அதுதான். கூலி கல் கணக்கில். மழை பிடித்தால் கல் காயாது, கணக்கும் நின்றுபோகும். அவர் மகன் இந்த வேலைக்கு வரவில்லை. இப்போது இதே பூக்களை மெஷினில் அச்சடித்த டைல்ஸ் கடைக்குக் கடை கிடைக்கின்றன. அவற்றில் எல்லாக் கல்லும் ஒரே கல். இங்கே அடுக்கி வைத்திருந்ததில் ஓர் இதழ் சற்றுத் தடித்தும் அடுத்தது மெலிந்தும் இருந்தன. அது குறையென்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு மனிதர் மூச்சை அடக்கி அச்சைத் தூக்கிய கணம் அந்தக் கோட்டில் நிற்கிறது.

வீடு கட்டுகிறவர்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது இதுதான். கடைக்குப் போகுமுன், அடுக்களையில் வேலை செய்கிறவரிடம் கேளுங்கள்: எங்கே உட்காருகிறார், எங்கே கரைக்கிறார், எது சிந்துகிறது என்று. கல்லின் பெயர் அதற்குப் பிறகு வரட்டும்.

அவர் கூட்டிக் கழித்து 111 என்று எழுதினார். 111 தடவை அவர் மூச்சை அடக்க வேண்டும். கொத்தனார் குழம்பிவிடக் கூடாதென்று, அந்த ஒன்பது கட்டங்களுக்குள் 'அம்மா இடம்' என்று எழுதித் தாளை மடித்துக் கொடுத்தார்.