நாலு டயரும் ஒரு லாக் புக்கும்

மகனுடைய மஹிந்திரா தாருக்கு டயர் மாற்றும் வேளை வந்துவிட்டது. டயரின் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே ஒரு சின்ன ரப்பர் மேடு இருக்கும். மேல்பட்டை தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால், மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான் என்று பொருள். முன் டயர் இரண்டும் அந்த நிலைக்கு வந்துவிட்டன.

அவனுக்கு எம்.டி. மீது ஆசை. மட் டெரெய்ன், அதாவது சேற்று டயர். பட்டை பட்டையாக, முதலை முதுகு மாதிரி இருக்கும். ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு சிறு மாந்தோப்பு. சப்பட்டையும் பஞ்சவர்ணமும்தான் அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் தோப்புப் பாதையில் ஓடை குறுக்கிடும். “அப்பா, அங்க மாட்டிக்கிட்டா டிராக்டர்தான் கூப்பிடணும்” என்பது அவன் வாதம்.

ஆனால் பள்ளிக்கூட நாட்களில் வண்டி மருமகள் கையில். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆசிரியை. போக சுமார் 12 கிலோமீட்டர், வரவும் அதே. பின் சீட்டில் என் பேத்தி. “மாமா, மழையில பிரேக் பிடிச்சா வண்டி நிக்கணும். எனக்கு அது போதும்” என்றாள். நாலு டயர் விலை என் ஒரு மாதப் பென்ஷனை விழுங்கிவிடும். ஆகவே வாக்கெடுப்பு நடத்தி முடிக்கிற விஷயமில்லை.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். இந்த மாதிரி வண்டியை அங்கே ‘தூ தெரேன்’ என்பார்கள். எல்லா நிலத்துக்கும் ஆனது. ஆங்கில ஆல் டெரெய்னும் அதுவே. குறிஞ்சி முதல் நெய்தல் வரை ஒரே டயர் என்றால், ஐந்திலும் முதல் மதிப்பெண் வாங்காது என்பது அந்தப் பெயரிலேயே தெரிகிறது. எதில் எவ்வளவு மதிப்பெண் நமக்கு வேண்டும் என்பதுதான் கேள்வி.

அதற்கு விடை சொன்னது என் பழைய உத்தியோகம். ஆபீஸ் ஜீப்புக்கு லாக் புக் எழுதியவன் நான். புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், மீட்டர் அளவு, காரணம் எல்லாம் எழுத வேண்டும். அதே மாதிரி ஒரு நோட்டில் நான்கு கட்டம் போட்டேன்: தார்ச்சாலை, சரளை, சேறு, கரிசல். ஒரு மாதம் இருவரும் தினமும் எழுதினார்கள். மகன் முணுமுணுத்துக்கொண்டேதான் எழுதினான். கூட்டிப் பார்த்தால் நூற்றில் தொண்ணூறு பங்குக்கு மேல் தார்ச்சாலை. பாக்கியில் பெரும்பகுதி சரளையும் கல்லும். சேறு என்ற கட்டத்தில் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை.

எம்.டி. டயரில் பட்டைகளுக்கு நடுவே இடைவெளி பெரிது. சுழலும்போது சேற்றை வெளியே எறிய அந்த இடைவெளி வேண்டும். ஆனால் நனைந்த தார்ச்சாலையில் அதே இடைவெளியால் தரையைத் தொடும் ரப்பர் குறைகிறது, பிடிப்பும் குறைகிறது. சத்தம் வேறு, டீசல் செலவு வேறு. ஏ.டி. வகையில் பட்டைகள் நெருக்கம். ஒவ்வொன்றிலும் மெல்லிய கீறல்கள் இருக்கும். ஈரச்சாலையைப் பற்றிக்கொள்வதில் அந்தக் கீறல்களுக்குப் பங்கு உண்டு. மூன்றாவது வகை எச்.டி., நெடுஞ்சாலைக்கு உரியது. மருமகளுக்கு அது போதும்தான், ஆனால் தோப்புக் கற்கள் அதன் பக்கச்சுவரைக் கிழித்துவிடலாம்.

கரிசலைப் பற்றி ஒரு வார்த்தை. கிழக்கே கரிசல் காட்டுக்குள் மழைக்குப் பின் இறங்கினால் எந்த டயரும் பத்தடியில் களிமண் உருண்டையாகிவிடும். அங்கே டயர் கடைக்காரரைவிட வெயில்தான் உதவும்.

விளம்பரத்தில் காட்டுவதுபோல மலையேறலாமே என்று மகனின் நண்பர் ஒருவர் ஆரம்பித்தார். நம் மேற்குமலை 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகமும் ஆயிற்று. அனுமதியில்லாமல் காட்டுக்குள் வண்டி ஓட்ட முடியாது. எந்த டயர் போட்டாலும் வனத்துறை கேட் வரைதான். அது நல்லதும்கூட.

அடுத்து, பெரிய டயர் போடலாமா என்றான். எங்கள் வண்டியில் இருப்பது 255/65 ஆர் 18. அகலம் 255 மில்லிமீட்டர், பக்க உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 18 அங்குலம். மொத்த விட்டம் சுமார் 789 மில்லிமீட்டர். அவன் கேட்ட 265/70 போட்டால் 828. ஐந்து சதவீதம் கூடுதல்; முன்பு முள் 80 காட்டிய வேகத்தில் இனி 76 தான் காட்டும். திருப்பும்போது மட்கார்டில் உரசவும் வாய்ப்புண்டு. பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டியதும் விட்டுவிட்டான்.

பழைய அளவிலேயே, பக்கச்சுவர் தடித்த ஏ.டி. என்று முடிவாயிற்று. கடையில் நான் பார்த்தது, பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கம். 3225 என்றால் 2025-இன் 32-ஆவது வாரம் செய்தது. கடைக்காரர் முதலில் உருட்டி வந்தது மூன்று வருடப் பழசு. “புதுசுதாங்க ஐயா, ரோட்டையே பாக்கல” என்றார். ரோட்டைப் பார்க்காவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும் என்றேன். உள்ளே போய் வேறு நான்கு எடுத்து வந்தார்.

சேற்றுக்காக மகனுக்கு ஒரு சமாதானம்: சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறு காற்று பம்பு. ஓடைக்கு முன் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் டயர் அகன்று தரையைப் பற்றும். தார்ச்சாலை ஏறுமுன் மறுபடி நிரப்பிவிட வேண்டும். கார்த்திகையில் இரண்டு முறை அப்படிக் கடந்தான். டிராக்டர் கூப்பிடவில்லை.

பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி மட்டும் வண்டியோடு வந்த பழையதே. பிரெஞ்சில் அதற்கு ‘ரூ த் ஸெக்கூர்’, ஆபத்துக்கு உதவும் சக்கரம். பஞ்சர் கடை வரை போக அது போதும் என்று மருமகள் சொல்லிவிட்டாள். அதையும் லாக் புக்கில் எழுதி வைத்திருக்கிறேன்.