நீல நிற அட்டை

சிங்கப்பூரில் குடித்தனம் நடத்துவது எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்களா? அங்கே 28 வருஷமாக வாழும் கும்பகோணத்து மாமி ஒருவரின் வீட்டுக்கு வாருங்கள். பத்தாவது மாடி, பயப்படாதீர்கள், லிப்ட் இருக்கிறது!

பூமத்திய ரேகைக்கு 137 கிலோமீட்டர் வடக்கே உள்ள ஊர். மார்கழிக் குளிரும் இல்லை, அக்கினி நட்சத்திரமும் இல்லை. வருஷம் முழுவதும் சூரியன் காலை ஏழு மணி சுமாருக்கு வந்து, மாலை ஏழு மணி சுமாருக்குப் போய்விடும்.

"ஆறு மணிக்குக் கோலம் போட வந்தால் கும்மிருட்டு!" என்று சிரிக்கிறார் மாமி.

ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி காய்கிறது. உள்ளே ஜன்னலோரம் வடாம். தேக்கா சந்தைக்குப் போனால் வாழையிலை, கறிவேப்பிலை எல்லாம் கிடைக்கும். தமிழ், நான்கு ஆட்சி மொழிகளில் ஒன்று.

பின் என்ன குறை? மாமி ஓர் அட்டையைக் காட்டினார். நீல நிறம், நிரந்தரவாசி என்று அர்த்தம். பிரஜைகளுக்கு இளஞ்சிவப்பு. அதை வாங்கினால் இந்தியப் பிரஜை என்ற உரிமையை விட்டுவிட வேண்டும். இரட்டைக் குடியுரிமையை இரண்டு தேசங்களுமே ஒப்புவதில்லை. ராணுவ சேவை முடித்துப் பிரஜையாகிவிட்ட மகன், "விண்ணப்பம் போடு, அம்மா" என்கிறானாம்.

"கும்பகோணம் போனால், 'எப்போது திரும்பிப் போகிறாய்?' என்கிறார்கள். இங்கேயும் அதே கேள்விதான்!" என்றார் மாமி.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

நான் பதில் யோசிப்பதற்குள் மாமி எழுந்துவிட்டார். மழை! துணியை எடுக்க வேண்டுமே!