மக்காச்சோளம் காயும் தெரு

புரட்டாசி வெயில் சுள்ளென்று அடிக்கிறது. மைசூர் மாவட்டம் பைலகுப்பேயில், திபெத்தியர் கேம்ப் ஒன்றின் தெருவில் பாதி அகலத்துக்கு மக்காச்சோளம் காய்கிறது. எண்பதை நெருங்கும் ஒரு மூதாட்டி செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டுச் சோளத்துக்குள் இறங்குகிறார். கணுக்கால் வரை தொங்கும் சுபா உடை, இடுப்பில் கோடுகோடாக நிறம் ஓடும் முன்துணி. பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடக்க, மணிகள் சால் சாலாகப் பிரிகின்றன. தஞ்சாவூர்க் களத்து மேட்டில் நெல் துழாவும் பாட்டிகளின் நடை அது. இடது கையில் ஜெபமாலை. காலுக்கு ஒரு கணக்கு, விரலுக்கு வேறு கணக்கு. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கிறது.

எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறேன். பேச்சுக் கொடுக்கவில்லை. இந்த வயதுக்காரர்களில் பலர் சிறுவர் சிறுமியராக இங்கே வந்து இறங்கியவர்கள்.

1959 மார்ச்சில் தலாய் லாமா எல்லை தாண்டி இந்தியாவுக்கு வந்தார். பின்னாலேயே வந்த ஆயிரக்கணக்கானோர் இமயமலையில் சாலை போடக் கல் உடைத்தார்கள். அவர்களைக் குடியமர்த்த நேரு மாநிலங்களிடம் இடம் கேட்டபோது, அன்றைய மைசூர் மாநிலம் பிரியாபட்டணா வட்டத்தில் ஏறக்குறைய 3,000 ஏக்கர் காட்டைக் குத்தகைக்குக் கொடுத்தது. 1960 கடைசியில் முதல் கூட்டம் வந்தது. கூடாரம், மூங்கில் குடிசை. பகலெல்லாம் மரம் வெட்டிப் புதரை எரித்தார்கள். ராத்திரியில் யானை வரும், தகர டப்பாவைத் தட்டி விரட்ட வேண்டும். பனியில் வளர்ந்த உடம்புக்கு இந்தச் சூடு ஒத்துக்கொள்ளவில்லை. காய்ச்சலிலும் காசத்திலும் பலர் போய்ச் சேர்ந்தார்கள். மிஞ்சியவர்கள், வாற்கோதுமை விதைத்த கையால் மக்காச்சோளம் போடக் கற்றார்கள். லுக்சும் சம்டுப்ளிங் என்று ஊருக்குப் பெயர் வைத்தார்கள். 1969 வாக்கில் பக்கத்திலேயே டிக்யி லார்சோ என்ற இரண்டாம் குடியிருப்பும் எழுந்தது.

இவர்களுக்கு உதவத்தான் 1968இல் மைராடா தொண்டு நிறுவனம் தொடங்கியது. பின்னாளில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு முன்னோடியாக நின்றதும் அதுவே. அந்தக் கதை எத்தனை பேருக்குத் தெரியும்!

சுற்றுலா வண்டிகள் நம்ட்ரோலிங் மடத்தின் பொற்கோவிலுக்குப் போகின்றன. 1963இல் பெனோர் ரின்போச்சே மூங்கில் கொட்டகையில் ஆரம்பித்த மடம் அது. படம் எடுத்துக்கொள்ளட்டும், அழகான கோவில்தான். ஆனால் ஊரை உண்டாக்கிய கைகளைப் பார்க்க வேண்டுமென்றால் இந்தத் தெருவுக்குத்தான் வர வேண்டும்.

தெருவில் இளவட்டங்கள் குறைவு. ஓட்டு வீடுகள் சிலவற்றில் பூட்டு தொங்குகிறது. அறுவடை முடிந்தால் ஸ்வெட்டர் மூட்டையோடு வெளியூர் கிளம்புவது பழைய வழக்கம். இன்றைய பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போகிறார்கள். வயலில் இறங்குவது பெரும்பாலும் பக்கத்துக் கன்னடக் கிராமங்களின் கூலியாட்கள். நிலம் இன்றும் குத்தகைதான். சில வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று வந்தவர்கள் நட்ட மரங்கள் வீட்டுக் கூரையைத் தாண்டி வளர்ந்து நிற்கின்றன. அதை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது.

பைக்கில் ஒரு சோள வியாபாரி வந்து நிற்கிறார். "அஜ்ஜி, இவத்து ஹாகோணவா?" இன்றைக்கே எடை போட்டுவிடலாமா என்கிறார். மூதாட்டி பதில் சொல்லவில்லை. குனிந்து ஒரு மணியை எடுத்து, பக்கவாட்டுப் பல்லில் வைத்துக் கடிக்கிறார். துப்புகிறார். இன்னொரு ஓரத்தில் போய் இன்னொரு மணி. அதையும் கடித்துப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார்.

"இன்னூ ஒணகில்லா. நாளெ பா." இன்னும் காயவில்லையாம், நாளைக்கு வரச் சொல்கிறார்.

வியாபாரி ஒரு விலையைச் சொல்லிப் பார்க்கிறார். விலையும் நாளைக்கே என்று கையைக் காட்டிவிட்டு, அடுத்த சாலைத் திறக்கிறார் அவர்.