ஊசி மருந்து மட்டுமா வைத்தியம்? வேலூர் பாகாயத்தில் ஒரு நாள்!

காட்பாடி ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கினால், ஆட்டோ அண்ணன் உங்களை இந்தியில்தான் கூப்பிடுவார். நீங்கள் தமிழில் பதில் சொன்னதும் லேசான ஏமாற்றத்துடன், "ஓ, நம்ம ஊரா? எங்கம்மா போகணும்?" என்று பாஷையை மாற்றிக்கொள்வார். அவர் மேல் தப்பில்லை. கொல்கத்தா, அசாம், ஜார்க்கண்ட், பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து, கையில் எக்ஸ்ரே கவருடன் வந்து இறங்கும் கூட்டம்தான் இங்கே அதிகம். எல்லோருக்கும் போகுமிடம் ஒன்றுதான். சி.எம்.சி.

நான் போக வேண்டியது அதையும் தாண்டி. 1, 2-ம் நம்பர் டவுன் பஸ்கள் காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் இடையே ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஏறி உட்கார்ந்தால் முதலில் பாலாறு. தண்ணீரில்லா ஆறு, ராஜா இல்லாக் கோட்டை, சாமி இல்லாக் கோயில் என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். சாமி 1981-லேயே கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். ஆறுதான் இன்னும் பெரும்பாலான நாட்களில் மணலாகவே கிடக்கிறது.

சி.எம்.சி ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் பாதி பஸ் காலியாகிறது. அங்கே நானும் இறங்கி ஒரு சுற்று நடந்தேன். எதிரே காந்தி ரோடு, பாபு ராவ் தெரு என்று குறுகலான தெருக்கள். சுவர் தெரியாத அளவுக்கு லாட்ஜ் போர்டுகள், பாதி வங்க எழுத்தில். இந்த லாட்ஜ்களில் டி.வி இருக்கிறதா, ஏ.சி இருக்கிறதா என்று முதலில் யாரும் கேட்பதில்லை. அடுப்பு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. சமையல் வசதியுடன் ரூம், வாடகைக்குப் பாத்திரம் எல்லாம் கிடைக்கிறது. காய்கறிக் கடையில் நம் பக்கம் அதிகம் பார்க்காத பர்வல் காய் குவிந்து கிடக்கிறது. மாடிகளிலிருந்து கடுகு எண்ணெய் வாசம் வருகிறது. நோயாளியுடன் வந்தவர் காலையில் ஓ.பி வரிசை, மதியம் சோறு வடிப்பது, மாலையில் ரிப்போர்ட் வாங்குவது என்று வாரக்கணக்கில் ஒரு குடித்தனமே நடத்துகிறார்.

வைத்தியத்துக்கு வந்தவர் எங்கே தங்குவார், யார் அவருடன் இருப்பார், நாள் முழுக்க என்ன செய்வார்? ஊர் இந்தக் கேள்விகளுக்குத் தானாகவே ஒரு பதில் கண்டுபிடித்துக்கொண்டது. ஆனால் பஸ்ஸின் கடைசி ஸ்டாப்பான பாகாயத்தில் எழுபது வருடங்களுக்கு முன்பே இதையெல்லாம் வைத்தியத்தின் ஒரு பகுதியாகவே யோசித்திருக்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் வந்தேன்.

குடும்பத்தோடு அட்மிஷன்

கோட்டையைத் தாண்டி, தொரப்பாடி ஜெயிலையும் தாண்டினால் பாகாயம். மலையடிவாரம், மரநிழல். மருத்துவக் கல்லூரியும் மாணவர் விடுதிகளும் இங்கேதான். அதே பக்கத்தில் மனநல மையம், மறுவாழ்வு மையம். (வார்டுக்குள் கேமராவுடன் நுழைவது மரியாதை இல்லை. அதனால் இந்தக் கட்டுரையில் நோயாளிகளின் படமோ பெயரோ இருக்காது.)

மனநல மையத்தில் ஒரு விதி உண்டு. நோயாளியை மட்டும் விட்டுவிட்டுப் போக முடியாது. குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்க வேண்டும். கனடாவிலிருந்து வந்த டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கோல்ஸ் 1950-களில் இங்கே மனநலப் பிரிவைத் தொடங்கினார். உயரமான மதில், பூட்டிய கதவு என்றுதான் மனநல ஆஸ்பத்திரிகள் இருந்த காலம் அது. ஏறத்தாழ அதே சமயம் அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகர், ஆஸ்பத்திரி மைதானத்தில் கூடாரம் அடித்து நோயாளிகளின் குடும்பங்களைத் தங்கவைத்துக்கொண்டிருந்தார். உலகம் முழுக்கக் குடும்பத்தை வெளியே நிறுத்திய நேரத்தில், இந்தியாவின் இரண்டு மூலைகளில் உள்ளே கூப்பிட்டார்கள்.

இதன் பலன் ரொம்ப நடைமுறையானது. கூடவே தங்கும் அம்மாவோ தம்பியோ, மாத்திரை எப்போது, கோபம் வந்தால் எப்படிப் பேசுவது, தூக்கம் கெட்டால் அது எதற்கு அறிகுறி என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில், 'இவனை எப்படி வீட்டுக்குக் கூட்டிப்போவது' என்ற பயம் பாதியாவது குறைந்திருக்கும். கொண்டுவந்து விட்டவர்கள் திரும்ப வராததால் வருடக்கணக்கில் ஆஸ்பத்திரியிலேயே தங்கிப்போன மனிதர்களின் கதைகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். அந்தக் கதைகளுக்கு இந்த ஒரு விதி எவ்வளவு பெரிய தடுப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

பிச்சைக்கு உதவாத கை

இதே கல்லூரி வளாகத்தில் 1951-ல் சில மண் குடிசைகள் எழும்பின. பெயர் நவஜீவ நிலையம். குடியிருந்தவர்கள் தொழுநோயாளிகள்.

இதற்குக் காரணமானவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்தவர். டாக்டராகும் முன் கட்டட வேலையும் தச்சு வேலையும் பழகியவர். தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றும் அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். கை நிமிர்ந்ததும் சிலர் சந்தோஷப்படுவதற்குப் பதில் குறைப்பட்டுக்கொண்டார்களாம். மடங்கிய கையைப் பார்த்தால் பிச்சை விழும். இந்தக் கையைப் பார்த்து யாரும் காசு போடுவதில்லை. ஊரில் வாடகைக்கு வீடும் தரமாட்டார்கள், வேலையும் தரமாட்டார்கள். ஆபரேஷன் வெற்றிதான். ஆள் நடுத்தெருவில்.

அதனால்தான் அந்தக் குடிசைகள். சரியான கையை வைத்து என்ன செய்வது என்று கற்றுக்கொள்ள ஒரு வீடும் ஒரு பட்டறையும். மர பொம்மைகள் செய்யப் பழக்கினார் பிராண்ட். வலி தெரியாத கை என்பதால் சுத்தியல் பிடி உரசிப் புண்ணானாலும் பிடித்தவருக்குத் தெரியாது. அதனால் தினமும் கையைச் சோதிப்பது அங்கே பழக்கமானது.

அப்படியும் சிலருக்கு, இரவு முழுதாக இருந்த விரல் நுனி காலையில் காணாமல் போயிருந்தது! நோயே விரலைத் தின்றுவிடுகிறது என்று நம்பிய காலம் அது. ராத்திரி ஒருவர் காவலுக்கு உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. எலி. தூங்குகிறவரின் கட்டிலில் ஏறி விரலைக் கடித்துக்கொண்டிருந்தது. வலி இல்லாததால் அவர் கையை இழுக்கவே இல்லை. தீர்வு? பூனை. அதன்பின் நவஜீவ நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகிறவர்கள் கையோடு ஒரு பூனையையும் கொண்டுபோக வேண்டும் என்று வழக்கம் வந்தது.

எனக்கு இந்தப் பயணத்தில் மிகவும் பிடித்த மருந்துச் சீட்டு இதுதான். கூடவே இருந்து, இரவில் விழித்துப் பார்க்க ஒருவர் இல்லாவிட்டால் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. ஓ.பி-யில் ஐந்து நிமிடம் கை பார்க்கும் டாக்டருக்கு எலி எப்படித் தெரியும்?

சக்கர நாற்காலியில் ஒரு சர்ஜன்

மறுவாழ்வு மையத்தின் கதை டாக்டர் மேரி வர்கீஸிலிருந்து தொடங்குகிறது. கொச்சியைச் சேர்ந்தவர். 1954 ஜனவரியில் நடந்த கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. நின்றுகொண்டு ஆபரேஷன் செய்ய முடியாது. உட்கார்ந்து செய்யலாமே என்று வழிகாட்டியவர் அதே பிராண்ட். தொழுநோயாளிகளின் கைகளுக்குச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார் மேரி. பிறகு ஆஸ்திரேலியாவின் பெர்த்திலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டுத் திரும்பினார். 1966-ல் பாகாயத்தில் மையம் திறந்தது. 1972-ல் பத்மஸ்ரீ.

முதுகுத்தண்டு அடிபட்டவருக்கு மருந்து மாத்திரையைவிட வேறு விஷயங்கள்தான் அதிகம் தேவை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரண்டு படுக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப்புண். கட்டிலில் இருந்து நாற்காலிக்கு, நாற்காலியில் இருந்து டாய்லெட்டுக்கு மாறப் பழக வேண்டும். சிறுநீர்ப் பையை நேரம் பார்த்துக் காலி செய்ய வேண்டும். இதெல்லாம் ஒரு வாரத்தில் வராது. அதனால் மாதக்கணக்கில் தங்கல். கூடவே வீட்டு ஆள் ஒருவர். அவருக்கும் இது பள்ளிக்கூடம்தான்.

அப்புறம் விளையாட்டு. பொழுதுபோகாமல் விளையாடுவது அல்ல. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் டாக்டர் லுட்விக் குட்மன், போரில் முதுகுத்தண்டு அடிபட்டவர்களை நாற்காலியில் உட்காரவைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். நாள் 1948 ஜூலை 29. பங்கேற்றவர்கள் 16 பேர். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1960-ல் ரோமில் தொடங்கிய பாராலிம்பிக்ஸ். தோள் பலம்தான் இனி கால். அந்தப் பலம் வில்லிலும் பந்திலும் வந்தால் உடற்பயிற்சி அலுக்காது என்பது கணக்கு. பாகாயத்திலும் 'ரிஹேப் மேளா' என்று ஆண்டுதோறும் பழைய நோயாளிகளைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள். போட்டி, பாட்டு, கூடவே உடல் பரிசோதனை. புதிதாக அடிபட்டுப் படுத்திருக்கும் இருபது வயதுப் பையனுக்கு, பத்து வருடம் முன்பு அடிபட்டு, இப்போது கடை நடத்தி, கல்யாணமும் ஆன ஒருவர் நாற்காலியில் தானே வந்து இறங்குவதைப் பார்ப்பது எப்படி இருக்கும்? எந்த கவுன்சலிங்கும் அதற்கு ஈடாகாது என்றே நினைக்கிறேன்.

இந்த வேலைக்குப் பெயர் என்ன?

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. 'தெரபியூட்டிக் ரெக்ரியேஷன்' படித்து, தேர்வு எழுதி, சான்றிதழ் வாங்கி ஆஸ்பத்திரிகளில் வேலைக்குச் சேர்கிறார்கள். விளையாட்டு, தோட்டம், இசை, கைவேலை என்று எது யாருக்கு எந்த அளவில் என்று திட்டமிடுவதுதான் வேலை. அங்கே கல்லூரி விடுதி நிர்வாகமும் தனிப் படிப்பு, தனிப் பதவி உயர்வு உள்ள துறை.

நம் ஊரில் அந்த நாற்காலிக்குத் தனிப் பெயர்ப் பலகை இல்லை. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பிசியோதெரபிஸ்ட், மருத்துவ சமூகப் பணியாளர், நர்ஸ், வார்டன், அட்டெண்டர் எல்லோரும் அந்த வேலையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். பிளஸ் டூ-வில் அறிவியல் படித்துவிட்டு 'எம்.பி.பி.எஸ் கிடைக்கவில்லை, இனி என்ன?' என்று முழிக்கும் தம்பி, தங்கைகளே, ஆக்குபேஷனல் தெரபி பட்டப்படிப்பைக் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். வேலூர் சி.எம்.சி-யிலேயே இருக்கிறது. சொந்தக்காரர்களிடம் சொன்னால் 'ஆபீஸ் வேலையா?' என்று கேட்பார்கள்; பொறுமையாக விளக்கிக்கொள்ள வேண்டியதுதான். சமூகப் பணி முதுநிலை படித்தவர்களுக்கும் இதில் இடம் உண்டு. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் ஆக்குபேஷனல் தெரபியும் வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பண்பாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் 29-வது பிரிவையும், விளையாட்டுக்கு 30-வது பிரிவையும் ஒதுக்கியிருக்கிறது. ஆக, விளையாடுவது சலுகை அல்ல, உரிமை. உங்கள் தெருப் பூங்காவின் வாசலில் மோட்டார் பைக் நுழையாமல் இருக்க நட்ட கம்பிகள், சக்கர நாற்காலியையும் சேர்த்தே நிறுத்துகின்றன என்பதை மட்டும் இங்கே சொல்லிவிட்டு நகர்கிறேன்.

மாலையில், பஸ் ஏறும் முன் டீக்கடையில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். போளூர் பக்கம். தென்னை மரத்திலிருந்து விழுந்த மகனுடன் தங்கியிருப்பதாகச் சொன்னார். முதுகுத்தண்டு அடிபடுவதற்கு நம் நாட்டில் உயரத்திலிருந்து விழுவது ஒரு முக்கியமான காரணம். அவர் கையில் நாலாக மடித்த ஒரு தாள். பிரித்துக் காட்டினார். வீட்டு வாசலின் படம், பக்கத்தில் அளவுகள்.

"ஏம்மா, படிச்ச புள்ளயா இருக்கிற, இத கொஞ்சம் சரியான்னு பாரு. வாசப்படி ஒன்ற அடி ஒசரம். சாய்வு பதினெட்டு அடி நீளம் வேணும்ன்றாங்க."

கணக்கு சரிதான். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் சரிவு என்பதுதான் விதி. அப்போதுதான் அவனே தள்ளி ஏற முடியும், பின்பக்கம் கவிழவும் மாட்டான். அதைச் சொன்னேன்.

"வாசல் மொத்தமே பத்தடிதாம்மா. அதுக்கப்புறம் ரோடு."

தாளில் அதற்கும் யாரோ வழி வரைந்திருந்தார்கள். சரிவு நேராக ரோட்டுக்குப் போகாமல், சுவர் ஓரமாகத் திரும்பி 'எல்' வடிவில் போகிறது. திரும்பும் இடத்தில் நாற்காலி சுழல ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம். கதவின் அகலம் 32 அங்குலம் இருக்க வேண்டும் என்று அடிக்கோடு போட்டிருந்தது.

"திரும்புற அந்த எடம் எங்க அண்ணன் வூட்டுதும்மா. அஞ்சு வருசமா பேச்சு இல்ல." தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "புள்ளைக்காவ ஞாயித்துக்கெழம போய் கேக்கலாம்னு இருக்கேன்."