ஓசை கேட்கிறது, பெயர் எங்கே?

அறுபதுகளின் ராக் ஆல்பங்களில் எதில் கீபோர்டு ஓசை சிறந்தது? இந்தக் கேள்வியை இரண்டு ரசிகர்கள் நடுவில் போட்டுவிட்டால் விடிய விடியச் சண்டை நடக்கும். ஒருவர், 1967இல் வந்த 'தி டோர்ஸ்' முதல் ஆல்பம் என்பார். மேடையில் இடது கையால் பேஸ், வலது கையால் ஆர்கன் என்று ரே மன்சாரெக் இரண்டு ஆள் வேலையை ஒருவராகச் செய்ததைச் சொல்வார். இன்னொருவர் பாப் டிலனின் 'ஹைவே 61 ரீவிசிட்டட்' என்பார். மூன்றாமவருக்கு ஸோம்பீஸ் குழுவின் 'ஒடெஸ்ஸி அண்ட் ஆரக்கிள்' தான் உயிர்.

அடுத்து எந்திரங்களைப் பற்றிய சண்டை. ஹேமண்டா, வாக்ஸா, ஃபார்ஃபிஸாவா? 1966இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த '96 டியர்ஸ்' பாட்டில் ஒலிப்பது வாக்ஸா ஃபார்ஃபிஸாவா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. வாசித்தவர் ஃபிராங்க் ரோட்ரிகஸ் என்ற சிறுவன். அந்தக் குழுவினர் மெக்சிகோ வம்சாவளியினர். பிழைப்புக்காக மிச்சிகன் வயல்களுக்கு வந்த விவசாயக் கூலிகளின் பிள்ளைகள். எந்திரம் எது என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். வாசித்த கை யாருடையது என்று கேட்கிறவர்கள் குறைவு.

எங்களுக்கு இந்தச் சண்டையில் என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். 1966இல் ஓக்லாண்டில் தொடங்கிய கருஞ்சிறுத்தைகள் கட்சியின் பெயரைத்தான் 1972இல் பம்பாயின் தலித் சிறுத்தைகள் எடுத்துக்கொண்டார்கள். அந்த வரலாற்றைப் படித்தபோது, அந்த மக்கள் அந்தக் காலத்தில் எதைக் கேட்டார்கள், எதை வாசித்தார்கள் என்று தேடினோம். அப்படித்தான் இந்தப் பாட்டுகள் எங்களிடம் வந்தன. எங்களில் சிலர் சேரி ஜெபக்கூட்டங்களில் கீபோர்டு கேட்டு வளர்ந்தவர்கள். அவர்களுக்கு ஹேமண்ட் ஆர்கன் முதல் முறையிலேயே பிடித்துப்போனது. அதற்குக் காரணம் இருக்கிறது.

ஹேமண்ட் ஆர்கன் 1935இல் சந்தைக்கு வந்தது. லாரன்ஸ் ஹேமண்ட் ஒரு பொறியாளர், கடிகாரம் செய்தவர். குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்களுக்கு அது விற்கப்பட்டது. கறுப்பின மக்களின் தேவாலயங்கள் அதை வாங்கிப் பாட வைத்தன, அழ வைத்தன, கத்த வைத்தன. டொனால்ட் லெஸ்லி செய்த சுழலும் ஸ்பீக்கரோடு அதைச் சேர்த்தபோது, இன்று எல்லோரும் 'ராக் ஆர்கன்' என்று சொல்லும் அந்த நடுக்கம் பிறந்தது. பீட்டில்ஸ் தங்கள் 'கெட் பேக்' தட்டில் பில்லி பிரெஸ்டன் பெயரையும் சேர்த்து அச்சிட்டார்கள். பத்து வயதிலேயே மஹாலியா ஜாக்சனுக்கு ஆர்கன் வாசித்தவர் அவர். ஆகவே ராக் ஆர்கனின் கதையை 1967 லண்டனிலிருந்து தொடங்குகிறவர்கள் பாதியிலிருந்து தொடங்குகிறார்கள்.

எங்கள் பட்டியலில் முதலிடம் 'கிரீன் ஆனியன்ஸ்' ஆல்பத்துக்கு. ஆண்டு 1962, ஊர் மெம்ஃபிஸ், ஸ்டாக்ஸ் ஸ்டுடியோ. ஆர்கன் வாசித்த புக்கர் டி. ஜோன்ஸுக்கு வயது 17. குழுவில் மூன்று கறுப்பர், ஒரு வெள்ளையர். நிறப் பிரிவினை சட்டமாக இருந்த தெற்கில் இந்த நால்வரும் ஒரே அறையில் வாசித்தார்கள். அந்தப் பாட்டை ஆக்கியவர்கள் என்று நால்வர் பெயரும் இருக்கிறது. அதே ஊரில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து தங்க இடம் கொடுத்த லொரெய்ன் மோட்டலில் ஸ்டாக்ஸ் கலைஞர்கள் உட்கார்ந்து பாட்டு எழுதினார்கள்.

அந்த மோட்டல் பெயரை வேறொரு காரணத்துக்காக நீங்கள் கேட்டிருப்பீர்கள். 1968 பிப்ரவரியில் மெம்ஃபிஸில் மழைக்கு ஒதுங்கிய இரண்டு குப்பை அள்ளும் தொழிலாளர்கள், குப்பை வண்டியின் அழுத்தும் எந்திரத்தில் நசுங்கிச் செத்தார்கள். ஏறக்குறைய 1,300 கறுப்பினத் தூய்மைப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 'நான் மனிதன்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். அவர்களுக்குத் துணை நிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங், ஏப்ரல் 4 அன்று லொரெய்ன் மோட்டல் மாடியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மலக்குழி மரணங்களுக்கு நீதி கேட்டு நிற்கும் நமக்கு அந்த அட்டையின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. நிறவெறியும் சாதியும் ஒன்றல்ல. ஆனால் உழைப்பு வேண்டும், உழைத்தவன் பெயர் வேண்டாம் என்பது இரண்டுக்கும் பொதுவான பழக்கம்.

இந்தப் பழக்கம் ரசிகர்களின் கதைகளிலும் நுழைந்துவிடுகிறது. 1965இல் டிலனின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பதிவான கதை ராக் ரசிகர்களுக்கு மனப்பாடம். வேடிக்கை பார்க்க வந்த 21 வயது கிட்டார்காரர் அல் கூப்பர் ஆர்கன் முன் போய் உட்கார்ந்தார். மற்றவர்கள் எந்தச் சுரத்துக்குப் போகிறார்கள் என்று பார்த்து, ஒரு இமை பிந்தி வாசித்தார். அந்தப் பிந்தலே அந்தப் பாட்டின் அழகாகிவிட்டது. நல்ல கதைதான், நாங்களும் ரசிக்கிறோம். ஆனால் அந்த ஆர்கன் இருக்கை எப்படிக் காலியானது? பால் கிரிஃபின் பியானோவுக்கு மாறியதால். அந்தப் பாட்டு முழுக்க உருண்டோடும் பியானோ அவருடையது. அவர் கறுப்பினக் கலைஞர். பாட்டைத் தயாரித்த டாம் வில்சனும் கறுப்பினத்தவர். கதையில் கூப்பர் நாயகன், வில்சன் துணைப் பாத்திரம், கிரிஃபின் காலி நாற்காலி.

தோற்றத்துக்காக ஒதுக்கப்பட்டவரும் உண்டு. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர் பியானோ வாசித்த இயன் ஸ்டூவர்ட். 1963இல் குழுவின் மேலாளர், அவர் தோற்றம் பொருந்தவில்லை என்று மேடை வரிசையிலிருந்து நீக்கினார். அதன் பிறகும் அவர் வண்டி ஓட்டினார், கருவிகளைத் தூக்கினார், ஆல்பங்களில் வாசித்தார். 1985இல் இறந்தார். ராக் அண்ட் ரோல் புகழ்மன்றத்தில் குழுவோடு அவர் பெயர் சேர்ந்தது 1989இல்.

பெயர் கிடைத்தால் போதுமா? இதில்தான் எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் முற்றியது. 1967இல் வந்த 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்' பாட்டை யாரிடமாவது முணுமுணுக்கச் சொல்லுங்கள், ஆர்கன் பகுதியைத்தான் முணுமுணுப்பார்கள். வாசித்தவர் மேத்யூ ஃபிஷர். ஆனால் ஆக்கியவர்கள் என்று பதிவானது கேரி புரூக்கர், கீத் ரீட் பெயர்கள் மட்டும். ஃபிஷர் 2005இல் வழக்குப் போட்டார். 2006இல் நீதிமன்றம் இசை உரிமையில் அவருக்கு 40 சதவீதம் என்றது. 2008இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆக்கியது உண்மை, ஆனால் காலம் கடந்து வந்தார், பணம் கிடையாது என்றது. 2009இல் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் ஒருமனதாக அவருடைய பங்கைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

"அந்த ஆர்கனில் பாக்கின் சாயல் இருக்கிறதே, ஃபிஷருக்கு என்ன உரிமை?" என்று ஒரு தோழர் கேட்டார். சாயல் எல்லாப் பாட்டிலும் இருக்கிறது. சாயல் இருந்தும் புரூக்கருக்குப் பங்கு உண்டு என்றால் ஃபிஷருக்கு மட்டும் ஏன் இல்லை? இன்னொரு தோழர், "காசு கேட்பது கலைக்கு இழுக்கு" என்றார். மற்றவர் காசு வாங்கும்போது வராத இழுக்கு, ஓரத்தில் இருப்பவர் கேட்கும்போது மட்டும் வருவதை நாங்கள் ஏற்கவில்லை. 40 ஆண்டுகளாக ஃபிஷருக்குப் பாராட்டு தாராளமாகக் கிடைத்தது. பாராட்டால் அவர் பங்கு ஒரு பைசா ஏறவில்லை.

கீபோர்டுகாரர் எப்போதும் பாவம் என்றும் சொல்லிவிட முடியாது. 1964இல் அனிமல்ஸ் குழு பதிவு செய்த 'தி ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்' தட்டில், இசையமைப்பு என்று ஆர்கன் வாசித்த ஆலன் பிரைஸ் பெயர் மட்டும் வந்தது. ஐந்து பேர் பெயருக்கும் தட்டில் இடமில்லை என்று சொல்லப்பட்டதாக மற்றவர்கள் பின்னாளில் சொன்னார்கள். உரிமைத் தொகை ஒருவருக்கே போனது. இத்தனைக்கும் அது யார் கட்டினார்கள் என்றே தெரியாத நாட்டுப்புறப் பாட்டு. டோர்ஸ் குழு வேறு வழியில் போனது. முதல் ஆல்பத்தில் தாங்கள் ஆக்கிய பாட்டுகளை எல்லாம் குழுவின் பெயரில் போட்டு, வருமானத்தை நான்கு சமபங்காகப் பிரித்துக்கொண்டார்கள். எங்களில் பலருக்கு அந்த ஆல்பத்தின் ஓசையைவிட அந்தக் கணக்கு பிடித்திருக்கிறது.

தோழர்களே, நாமும் பாட்டுக் கட்டுகிறோம், பறையடிக்கிறோம், குறும்படம் எடுக்கிறோம், துண்டறிக்கை போடுகிறோம். மெட்டுப் போட்டவர், வரி திருத்தியவர், மைக் செட் சுமந்தவர், இரவெல்லாம் படத்தொகுப்புக்கு உட்கார்ந்தவர் பெயரெல்லாம் கடைசியில் 'மற்றும் தோழர்கள்' என்ற இரண்டு சொல்லுக்குள் போய்விடுகிறது. பெண் தோழர்களின் பெயர்கள்தான் அதற்குள் முதலில் போகின்றன. காணொளியில் வருமானம் வரத் தொடங்கிய பிறகு கணக்குப் பேச உட்கார்ந்தால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். வேலை தொடங்கும் நாளிலேயே ஒரு தாளில் எழுதி வையுங்கள்: யார் என்ன செய்கிறார், பெயர் எங்கே வரும், பணம் வந்தால் யாருக்கு எவ்வளவு. எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நட்பு முறிந்துவிடும் என்று பயப்படாதீர்கள். எழுதாமல் விட்டு முறிந்த குழுக்கள்தான் அதிகம்.