கைராசி

தோழர்களே, நம் நாட்டில் "கைராசி" என்றொரு சொல் நடமாடுகிறது. மருத்துவருக்குக் கைராசி, வணிகருக்குக் கைராசி, நாற்று நடுபவருக்கும் கைராசி! சிலர் ஊன்றினால் செடி தழைக்குமாம். சிலர் தொட்டாலே பட்டுப்போகுமாம். யார் அந்தச் சிலர் என்று கேட்டுப் பாருங்கள். தழைக்க வைக்கும் பட்டியலில் மஞ்சளும் குங்குமமும் அணிந்தவர் இருப்பார். பட்டுப்போகச் செய்யும் பட்டியலில் கணவனை இழந்தவள் இருப்பாள். செடிக்குக் கண் இல்லை. அப்படியிருக்க, ஊன்றியவளின் நெற்றியை அது எப்படிப் பார்த்தது?

இந்தக் கேள்வியை மேடையில் கேட்டுக் கைதட்டல் பெறுவது எளிது. திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் படர்ந்த ஒரு புடலங்கொடி அதற்கு விடையே சொல்லிற்று. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காய்கறிப் போட்டி என்றதும் மலையும் பூங்காவும் நினைவுக்கு வரும். உதகையில் மலர்க் கண்காட்சி 1896இல் தொடங்கியது. கோத்தகிரி நேரு பூங்காவில் கோடை விழாவையொட்டிக் காய்கறிக் கண்காட்சி நடைபெறுகிறது. ஆனால் இது குளிர்மலைக்கு மட்டுமே உரியதன்று. இங்கிலாந்தின் வடகிழக்கில் டர்ஹாம், நார்தம்பர்லாந்து பகுதிகளின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், வேலை முடிந்து வந்து, சிறு தோட்டத் துண்டுகளில் லீக்ஸ் வளர்த்தார்கள். தங்கள் மன்றங்களில் போட்டி வைத்து, தண்டின் பருமனைக் கன அங்குலக் கணக்கில் அளந்து பரிசு தந்தார்கள். போட்டி முற்றி, இரவோடிரவாக அடுத்தவர் செடியை வெட்டிப் போட்டதும் உண்டு. அதற்கஞ்சித் தோட்டத்திலேயே காவல் கிடந்ததும் உண்டு. ஆயினும் பரிசளிக்கும்போது அளவுகோல் காயைத்தான் அளந்தது. வளர்த்தவரின் ராசியை அளக்கவில்லை.

எங்கள் வடசென்னையும் கரியும் புகையும் கண்ட பூமிதான். இராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை உப்புக்காற்று, நெருங்கிய வீடுகள், விதை ஊன்றக் கையகல மண் இல்லை. 2013-14இல் தமிழக அரசு சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தளைகளை மானிய விலையில் வழங்கத் தொடங்கியபின், தென்னைநார்க் கழிவு நிரப்பிய பைகள் மாடிகளில் ஏறின. எங்கள் தெருப் படிப்பகத் தோழர்களும் ஒரு பொங்கல் விழாவில், பேச்சுப் போட்டியோடு வீட்டுக் காய்கறிப் போட்டியையும் சேர்த்தார்கள். விதிகள் சில: ஒரே வகையில் மூன்று காய்கள், மூன்றும் அளவிலும் நிறத்திலும் ஒத்திருக்கவேண்டும், பூச்சித் துளை கூடாது, காயின் அருகே பெயர் இராது, எண் மட்டுமே இருக்கும்.

"நான் புடலை வைக்கப்போகிறேன்" என்றார் என் அக்கா. துறைமுகத்தில் சுமை தூக்கிய அவர் கணவர் மறைந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன.

ஐப்பசியில் விதை ஊன்றும் வேளையில் பெரியம்மா தடுத்தார். "நீ வேண்டாம் கண்ணு. சுமங்கலி யாராவது ஊன்றட்டும். உன் கை பட்டால் கொடி கருகிவிடும்" என்றார். பெரியம்மா கொடியவர் அல்லர். அக்கா காய்ச்சலில் கிடந்தபோது மூன்று இரவு கண்விழித்தவர். அன்பு நிறைந்த வாயிலிருந்தே இந்த நஞ்சு வருகிறதே, அதுவன்றோ கொடுமை!

அக்கா அழவில்லை. "இந்தக் கையால்தானே பெரியம்மா தினமும் உங்களுக்குச் சோறு வடிக்கிறேன். அது கருகவில்லையே?" என்று கேட்டுவிட்டு விதையை ஊன்றினார்.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ராசி எந்த இடத்தில் நுழைந்தது என்று நீங்களே தேடிப் பாருங்கள்.

காசிமேட்டு மீன்கழிவையும் வெல்லத்தையும் சம எடையில் கலந்து, மூடிவைத்து, சில வாரங்கள் கழித்து வடித்த சாற்றில் சிறிதளவு நீரில் கலந்து தெளித்தார். இலைமேல் படிந்த தூசியை அவ்வப்போது கழுவினார். கொடி பந்தலேறிப் பூத்தது. ஆனால் முதற்பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தன.

"பார்த்தாயா! யாரோ பிஞ்சை விரல்நீட்டிக் காட்டியிருக்கிறார்கள்" என்றார் பெரியம்மா.

அக்கா கொடியைப் பார்த்தார். புடலையில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில் சிறு பிஞ்சு இருக்கும். அந்தி சாய்ந்தபின் மலரும் அப்பூவுக்கு, இரவில் பறக்கும் அந்துப்பூச்சி மகரந்தம் கொண்டுவர வேண்டும். அடைமழை இரவுகளில் பூச்சி வரவில்லை. சூல்கொள்ளாத பிஞ்சு உதிர்ந்தது. விரல் செய்த குற்றம் ஒன்றுமில்லை. எனவே, வராத பூச்சியின் வேலையை அக்கா தம் விரல்களாலேயே செய்தார். மாலையில் ஆண்பூவைக் கொய்து பெண்பூவின் நடுவே மெல்லத் தடவினார். பிஞ்சு நின்றது!

மூன்று காய்களும் ஒத்திருக்க வேண்டுமே? ஒரே மாலையில் மகரந்தம் ஏற்றிய பூக்களுக்குச் சிவப்பு நூல் கட்டினார். மற்றப் பிஞ்சுகளைக் கிள்ளினார். பழ ஈ முட்டையிடாதபடி பழைய சேலைத் துணியில் உறை தைத்து மாட்டினார். காய் வளைந்து சுருளாதிருக்க நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். கல் கனத்தால் காய் முறியும். இலேசாக இருந்தால் வளையும். மூன்று கற்களை மாற்றியபிறகே பொருத்தமானது கிடைத்தது.

போட்டியன்று விடியலில் காம்போடு அறுத்து, ஈரத்துணி சுற்றி, ஒரு பலகையில் கிடத்தினோம். நாலடி நீளக் காய்கள்! பலகையின் இருமுனையையும் இருவரும் பிடித்துக்கொண்டு தெருவழியே நடந்தோம்.

நடுவர் நீளத்தை அளந்தார். காம்பின் பசுமையைப் பார்த்தார். ஒன்றைக் குறுக்கே அறுத்து, விதை முற்றவில்லை என்று கண்டார். "எண் பதினேழு, இரண்டாம் பரிசு" என்றார். முதற்பரிசு மீன் விற்கும் ஓர் அம்மையாரின் கத்தரிக்காய்களுக்குச் சென்றது. எண்ணுக்குரியவரின் பெயரை அதன்பிறகே படித்தார்கள். அந்தப் பந்தலில் எந்த நெற்றியும் ஆராயப்படவில்லை.

மறுவாரம் பெரியம்மா தக்காளி நாற்றோடு வந்தார். "உனக்குத்தானம்மா கைராசி. நீயே நட்டுக்கொடு" என்றார்.

வேறொருவராயின் உச்சி குளிர்ந்திருப்பார். அக்கா நாற்றை வாங்கவில்லை. "ராசி என்று இன்று நான் ஒப்புக்கொண்டால், நாளைக்கு ஒரு செடி பட்டதும் மறுபடியும் என் நெற்றியைத்தான் பார்ப்பீர்கள். மாடிக்கு வாருங்கள் பெரியம்மா. நடுவது எப்படி என்று காட்டுகிறேன், நீங்களே நடுங்கள்" என்றார். பெரியம்மா ஏறி வந்தார்; கற்றுக்கொண்டார்.

தோழர்களே, 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு கைம்பெண் மறுமணத்துக்கு ஆதரவாகத் தீர்மானம் செய்தது. 2023 ஆகஸ்டிலும், கணவனை இழந்தவர் என்பதற்காக ஒரு பெண்ணைக் கோயிலில் நுழையவிடாமல் தடுப்பதை ஏற்க முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றம் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. தீர்மானமும் தீர்ப்பும் தேவைதான். அவை நம் வீட்டு அடுக்களைக்கும் மாடிக்கும் வந்து சேரவேண்டாமா?

மூடநம்பிக்கை இகழும்போது எதிர்க்கிறோம். அதுவே புகழும்போது மயங்கிவிடுகிறோம். இழித்த சொல்லையும் ஏற்றிய சொல்லையும் ஒருசேரத் தள்ளினார் என் அக்கா. உங்கள் வீட்டிலும் விதை ஊன்றத் தயங்கி நிற்கும் ஒரு கை இருக்கலாம். விதையை அந்தக் கையில் கொடுங்கள். போட்டிக்கான படிவத்தில் அவர் பெயரையே எழுதுங்கள்.