அருகிருப்பதும் மருந்தே

திருக்குறளில் ‘மருந்து’ என்றோர் அதிகாரம் உண்டு. நோயாளர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிபுரிபவர் என மருத்துவத்தின் கூறுகள் நான்கென அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் வகுத்துள்ளார். அந்த நான்காமவரின் அருமையை நான் ஏட்டிலே கற்கவில்லை. மொன்றியலின் பனியிலே கற்றேன்.

1998ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் திகதி தொடங்கிய மழை, வீழ்ந்த இடமெல்லாம் பனிக்கட்டியாய் உறைந்தது. பாரந் தாங்காது மின்கோபுரங்கள் சரிந்தன. கியூபெக் மாகாணத்தில் 30 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரமின்றித் தவித்தனர். எமது தொடர்மாடியும் இருளில் மூழ்கியது. மேல்மாடியிலே தனித்து வாழ்ந்த முதிய தமிழ் அம்மையாரை அன்றிரவு நான் நினைக்கவேயில்லை. என் பிள்ளைகளைக் கம்பளியால் போர்த்துவதிலேயே கவனமாயிருந்தேன்.

மறுநாட் காலை, கீழ்மாடியில் வசித்த பன்னிரண்டு வயது மாணவி எம் கதவைத் தட்டினாள்.

“மாமி, வீட்டுக்குள்ளே கரி மூட்டவேண்டாமென்று வானொலியில் பிரெஞ்சிலே சொல்கிறார்கள். மேல்வீட்டு அம்மம்மாவுக்கு யாராவது சொன்னீர்களா?”

விரைந்து சென்றோம். கோடையில் வெளியே வைத்து மூட்டும் கரியடுப்பை, யன்னல்கள் இறுக மூடிய அறைக்குள் வைத்து, தீக்குச்சியைக் கையில் எடுத்திருந்தார் அம்மையார். எரியும் கரியிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அந்நாட்களில் அதனைச் சுவாசித்து மாண்டோரும் உளர்.

மின்சாரமிருந்த உறவினர் வீட்டுக்கு அவரையும் அழைத்துச் சென்றோம். அவரது நீரிழிவு மாத்திரைகள் தீர்ந்திருந்தமை அங்கேதான் தெரியவந்தது. மருந்தகத்திலே பிரெஞ்சில் விளக்கி அவற்றைப் பெற்றுத் தந்தவளும் அம்மாணவியே.

2018ஆம் ஆண்டுக் கோடையிலே கடும் வெப்பம் மொன்றியலில் 66 உயிர்களைப் பறித்தது. அவர்களுட் பெரும்பாலோர் தத்தம் வீடுகளிலேயே மாண்டனர். குளிராயினும் வெம்மையாயினும், தனித்திருப்போரின் துன்பம் வெளியே தெரிவதில்லை.

இந்நகரில் சிறந்த மருத்துவமனைகள் உள்ளன. 811 என்னும் இலக்கத்தை அழைத்தால் தாதியர் ஆலோசனை வழங்குவர். ஆயினும், மொழியறியாத முதியவருக்காக அந்த இலக்கத்தை அழைத்துப் பேச அருகில் ஒருவர் வேண்டுமல்லவா?

மாணவச் செல்வங்களே! தமிழும் பிரெஞ்சும் அறிந்த நீங்களே அந்த ஒருவர். பெற்றோரே! அடுத்த கடுங்குளிர் வருமுன், உங்கள் கட்டடத்தில் தனித்து வாழும் முதியவரின் கதவைப் பிள்ளைகளுடன் சென்று ஒருமுறை தட்டுங்கள். நான் தட்டாதிருந்த அந்த இரவு இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது.